சத்தம் என்று ஒரு குற்றச்சாட்டு

சென்ற வாரம் புதுச்சேரிக் கடற்கரையில், காந்தி சிலையருகே, எனக்கும் ஒரு நண்பருக்கும் சண்டை வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கைபேசியில் 'ஆரி ஆரி' என்ற ஹெவி மெட்டல் பாட்டை அலறவிட்டிருந்தார்கள். நண்பர் காதைப் பொத்திக்கொண்டு, "இது சங்கீதமா? சத்தம்! வெள்ளைக்காரன் எச்சில்!" என்றார்.

நான் அந்த இசைக்கு ரசிகனல்ல. ஆனாலும் இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சத்தமாம்! வீராம்பட்டினத்தில் ஆடித் தேர் நகரும்போது மேளமும் ஒலிபெருக்கியும் எழுப்புகிற முழக்கத்தில் நண்பர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். கெட்டிமேளம் எதற்கு? வேறு எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே! எச்சில் என்றால், பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றுக்கொண்ட பிடில் எந்த ஊர்ச் சரக்கு? நான் எழுதிப் பிழைக்கும் நாவலும் கப்பலில் வந்ததுதான்.

பாட்டின் கதையைக் கேளுங்கள். டில்லியில் கரன் கட்டியார் என்ற வக்கீல், வேலையை உதறிவிட்டு, ஜெயந்த் பதூலா என்ற பாடகரோடு சேர்ந்து, பிறர் பாட்டுகளை மெட்டலாக்கி யூடியூபில் கேலி செய்துகொண்டிருந்தார். 'பிளடிவுட்' என்ற குழுவின் பெயரே பம்பாய் சினிமாவுக்குக் காட்டிய பழிப்புத்தான். 2017-இல் தலேர் மெஹந்தியின் 'துனக் துனக் துன்' அவர்கள் கையில் அகப்பட்டது. 2018-இல் 'ஆரி ஆரி'. டென்மார்க்கில் கிளம்பிய பாம்பே ராக்கர்ஸ் குழுவின் பஞ்சாபிப் பாட்டு அது. அதில் கிதாரின் இடியைப் புகுத்தி, ரவுல் கெர் என்பவரின் ஆங்கில ராப்பையும் வைத்துத் தைத்தார்கள். கேலி போய், வேகம் வந்தது. இசைக் கம்பெனி இல்லை, படமுதலாளி இல்லை; தாங்களே தயாரித்துத் தாங்களே வெளியிட்டார்கள். மறு வருஷமே ஜெர்மனியில் வாக்கன் விழா மேடை! சொந்தப் பாட்டுகளின் முதல் தொகுப்பான 'ரக்ஷக்'கையும் 2022-இல் தாங்களேதான் வெளியிட்டார்கள். 2025-இல் வந்த 'நு டெல்லி'யில்தான் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

நண்பருக்கு எரிச்சல் இங்கேதான். நம் பக்கத்தில் பாட்டு என்றால் சபா ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் சினிமா எடுக்க வேண்டும். இரண்டு வாசலிலும் கைகட்டி நிற்காத பாட்டுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சத்தம். பறைக்கும் கானாவுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்தோம். சினிமாக்காரர்கள் எடுத்துப் போட்ட பிறகு தலையாட்டுகிறோம். வெட்கமாக இல்லையா?

நான் இவ்வளவு சூடாவதற்குக் காரணம் உண்டு. நண்பரின் மகன் மாடியறையில் கிதாரோடு உட்கார்ந்து தமிழிலேயே பாட்டுக் கட்டுகிறான். இரண்டு பாட்டு நானே கேட்டேன். ஒன்று சுமார், ஒன்று நிஜமாகவே நன்றாயிருந்தது.

"சினிமாவில் சான்ஸ் கிடைத்தால் வாசிக்கட்டும், இல்லாவிட்டால் கிதாரை விற்றுவிடட்டும்" என்று சொல்லிவிட்டு நண்பர் எழுந்தார். சித்திரைக்குள் விற்றாக வேண்டுமாம்.