வாலிபரை வாட்டும் 'முத்துப் பரு'

அனந்தபுரத்து வாலிபன் ஒருவனை நினைத்துக் கொள்ளுங்கள். வயது 24. தை மாதம் கல்யாணம். தாம்பூலம் மாற்றியாகி விட்டது. ஒரு நாள் குளிக்கும்போது பார்க்கிறான். ஆண் குறியின் மொட்டைச் சுற்றி, அதன் விளிம்பில், பொடிப் பொடியாகப் பருக்கள்! கேழ்வரகு மணி அளவுதான் இருக்கும். வலி இல்லை. அரிப்பு இல்லை. ஆனாலும் அவனுக்குக் கை கால் ஓடவில்லை.

"மேக நோய் வந்து விட்டதோ? கல்யாணத்தை நிறுத்த வேண்டுமோ?"

யாரிடம் கேட்பான்? அப்பாவிடம் வாய் வராது. அம்மாவிடம் சொல்லவே முடியாது. செஞ்சி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர்க்காரர் யாராவது பார்த்து விடுவார்களே! கடைசியில், சுவரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்துவிட்டு, எங்கோ தூரத்து லாட்ஜில் தங்கியிருக்கும் 'வைத்தியரை'த் தேடி பஸ் ஏறுகிறான்.

இவன் கற்பனை வாலிபன்தான். ஆனால் இவனைப் போன்றவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

அது நோயே அல்ல

அவன் கண்டது முத்துப் பரு. முத்துக் கோத்தது போல ஒரு வரிசையாகவோ இரண்டு வரிசையாகவோ இருப்பதால் அந்தப் பெயர். வாலிப வயதில் தோன்றும். வயது ஏற ஏறப் பெரும்பாலும் மங்கிவிடும். 100 ஆண்களைச் சோதித்தால் 14 முதல் 48 பேருக்கு இது இருப்பதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அப்படியானால், ஒரு பஸ்சில் ஏறும் ஆண்களில் எத்தனை பேர் இதே கவலையோடு உட்கார்ந்திருப்பார்கள், பாருங்கள்!

இது கிருமியால் வருவதல்ல. அழுக்கால் வருவதல்ல. கெட்ட சகவாசத்தாலும் வருவதல்ல. கைப்பழக்கத்தாலும் வருவதல்ல. மனைவிக்கு ஒட்டாது. பிள்ளைப் பேற்றைத் தடுக்காது. மருந்தும் வேண்டாம்.

இன்னொரு வகையும் உண்டு. தோலுக்கு அடியில் வெளிர் மஞ்சளாகத் தெரியும் சிறு புள்ளிகள். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். 1896-ம் ஆண்டில் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க டாக்டர் இவற்றைப் பற்றி எழுதியதால், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். இதே புள்ளிகள் உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பலருக்கு உண்டு. உதட்டில் இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. இடம் மாறினால் தூக்கம் போய் விடுகிறது!

இவற்றைக் கிள்ளக் கூடாது. சுண்ணாம்பு தடவக் கூடாது. மரு உதிர்க்கும் மருந்தை வாங்கிப் போடக் கூடாது. தோல் வெந்து புண்ணாகும். இல்லாத நோய்க்கு வைத்தியம் செய்து, நிஜமான புண்ணைத் தேடிக்கொள்வானேன்?

லாபமான வியாபாரம்

லாட்ஜ் வைத்தியருக்கோ இது நல்ல வியாபாரம். "முற்ற விட்டால் ஆண்மை போய் விடும்" என்று ஒரு வார்த்தை போதும். லேகியமும் பஸ்பமும் விலை போகும். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. பயத்தை விற்பவர்களைத்தான் சொல்கிறேன்.

மேக நோய்க்கும், ஆண்மைக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை உண்டு. சட்டம் இருக்கிறது. நோட்டீசும் இருக்கிறது!

ஆனால் நோட்டீசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெண் பெரியவளானால் அத்தை, சித்தி, பாட்டி எல்லோரும் கூடி ஆளுக்கொரு விஷயம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பையன் பெரியவனானால்? மீசையைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. தாய்மாமன் எதற்கு இருக்கிறார்? சீர் கொண்டு வருவதற்கு மட்டும்தானா? "உடம்பில் ஏதாவது சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளடா" என்று அவர் ஒரு தடவை சொல்லி வைத்திருந்தால், பையன் லாட்ஜ் படி ஏறியிருக்க மாட்டான்.

எப்போது போக வேண்டும்?

எல்லாப் பருவும் முத்துப் பரு என்று நினைத்து விடாதீர்கள். வலி இல்லாத புண், சீழ், நீர்க் கொப்புளம், காலிஃபிளவர் போல வளரும் மரு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுதல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மேகப் புண்ணாகவே இருந்தாலும், ஆரம்பத்தில் வந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகி விடும். வலி இல்லையே என்று விட்டு விடுவதுதான் ஆபத்து. இரவில் அரிப்பு அதிகமானால் சொறி சிரங்காக இருக்கலாம். அதற்கு வீட்டில் எல்லோருக்குமே மருந்து போட வேண்டும்.

எது என்று தெரியாவிட்டாலும் போய்க் காட்டுங்கள். முத்துப் பருவைத் தோல் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லி விடுவார். உள்ளூரில் கூச்சமாக இருந்தால் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சீட்டு எழுதுகிறவரிடம் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும்.