மருந்தும் மழைதான், வெள்ளமும் மழைதான்!

"ஸ்பா" என்ற பெயர்ப் பலகையை இன்று பல ஊர்களில் பார்க்கிறோம். குளியலும் எண்ணெய்த் தேய்ப்பும் நடக்கும் இடம் என்று தெரிந்துகொள்கிறோம். ஆனால் "ஸ்பா" என்பது உண்மையில் ஓர் ஊரின் பெயர். இது பலருக்குத் தெரியாது.

அந்த ஊர் பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது. சின்ன ஊர்தான். சுமார் 10 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். சுற்றிலும் மலையும் காடும். ஊரைச் சுற்றிப் பல ஊற்றுகள். அந்த ஊற்று நீரைக் குடித்தால் வியாதி தீரும் என்று நம்பி, பல நாடுகளில் இருந்து மக்கள் வந்தார்கள். ரஷியச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1717-ம் ஆண்டில் அங்கே வந்து தங்கி, ஊற்று நீரைக் குடித்தார். அவர் பெயரிலேயே ஓர் ஊற்று மண்டபம் இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது. நீர் வைத்தியத்துக்குப் பெயர் பெற்ற மற்ற ஊர்களையும் "ஸ்பா" என்றே அழைக்கத் தொடங்கினார்கள். ஊர்ப் பெயர் பொதுப் பெயராகி விட்டது.

தண்ணீரால் வாழ்ந்த அந்த ஊர், 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் தண்ணீராலேயே தவித்தது.

பதினான்கு குடம் தண்ணீர்

ஜூலை 13 முதல் 15 வரை விடாத மழை. ஸ்பா ஊரில் 48 மணி நேரத்தில் 217 மில்லிமீட்டர் பெய்தது. பக்கத்தில் உள்ள ஜலே என்ற ஊரில் 271 மில்லிமீட்டர்!

இந்தக் கணக்கு எளிதில் விளங்காது. இப்படிப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடம். வாசலில் சிறிய கோலம் போடும் இடம்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 217 மில்லிமீட்டர் பெய்தால் 217 லிட்டர். அதாவது பதினான்கு குடம்!

ஒரு கோலத்துக்கு இவ்வளவு என்றால், ஆயிரம் சதுர மீட்டர் உள்ள கடைவீதிச் சதுக்கத்துக்கு எவ்வளவு? 2 லட்சத்து 17 ஆயிரம் லிட்டர். தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 18 லாரி வேண்டும். ஒரு சதுக்கத்துக்கு மட்டுமே இவ்வளவு. ஊர் முழுவதற்கும் எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வயே என்ற சிற்றாறு பொங்கி ஸ்பா ஊருக்குள் புகுந்தது. வயே போன்ற சிற்றாறுகள் எல்லாம் கடைசியில் வெஸ்தர் என்ற ஆற்றில் போய்ச் சேருகின்றன. அந்த ஆற்றின் கரையில் உள்ள பெப்பின்ஸ்டர், வெர்வியே ஆகிய ஊர்களில் வீடுகள் இடிந்தன. பெல்ஜியத்தில் 39 உயிர்கள் போயின. அதே மழையில் பக்கத்து நாடான ஜெர்மனியில் 180-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வெள்ளம் வந்து பத்து நாள் ஆவதற்குள், ஜூலை 24-ந் தேதி, ஐ.நா. சபையின் யுனெஸ்கோ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஐரோப்பாவின் 11 பெரிய நீர் வைத்திய ஊர்கள் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகின்றன என்று அது கூறியது. அந்த 11 ஊர்களில் ஸ்பாவும் ஒன்று. ஒரு கையில் பாராட்டு. மறு கையில் சேறு!

தண்ணீர் ஏன் ஊருக்குள் வந்தது?

மழை அதிகம். அது முதல் காரணம். பூமி சூடாகி வருவதால் இப்படிப்பட்ட மழையின் வேகம் 3 முதல் 19 சதவீதம் வரை கூடியிருக்கிறது என்று பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து கணக்கிட்டார்கள்.

ஆனால் மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மழை விழுந்த நிலம் எப்படி இருந்தது? அதையும் கேட்க வேண்டும்.

ஸ்பா ஊருக்கு மேலே "ஓட் பாஞ்" என்ற பெரிய மேட்டுச் சதுப்பு நிலம் இருக்கிறது. பெல்ஜியத்தின் மிக உயரமான இடம் அங்கேதான். அங்கே வளரும் ஒரு வகைப் பாசி, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். இயற்கை தந்த பஞ்சு மெத்தை அது. முன்னோர் அந்தச் சதுப்பில் வாய்க்கால் வெட்டினார்கள். நிலத்தைக் காய வைத்தார்கள். மரத்துக்காக ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். வாய்க்கால் வழியே மழைநீர் விரைவாகக் கீழே ஓடி வந்தது.

கீழே ஊரில் என்ன நடந்தது? மண் தெரிந்த இடத்தில் எல்லாம் கல்லும் தாரும் சிமெண்டும் போட்டார்கள். ஊர் நடுவே வந்த ஆற்றுக்கு மேலே மூடி போட்டு, அதன் மீது தெருவும் கட்டடமும் எழுப்பினார்கள். வெயில் காலத்தில் ஆறு இருப்பதே தெரியாது. மழைக் காலத்தில் அது தன் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது!

மேலே பஞ்சைப் பிழிந்தாயிற்று. கீழே கதவைச் சாத்தியாயிற்று. தண்ணீர் எங்கே போகும்?

1889-லேயே கற்ற பாடம்

ஸ்பா ஊருக்கு இந்த விஷயம் புதிதல்ல என்பதுதான் கவனிக்கத் தக்கது.

அந்த ஊரின் மருந்து நீர் எங்கிருந்து வருகிறது? வானத்தில் இருந்துதான். மலை மேல் பெய்யும் மழை மெல்ல மெல்ல மண்ணில் இறங்குகிறது. பாறை இடுக்குகளில் புகுகிறது. இரும்புச் சத்தையும் வாயுவையும் ஏற்றுக்கொள்கிறது. பிறகு ஊற்றாக மேலே வருகிறது. மேலே அசுத்தம் கலந்தால் ஊற்றும் கெடும்.

இதை உணர்ந்து, 1889-ம் ஆண்டிலேயே ஊற்றுகளைச் சுற்றிப் பாதுகாப்பு எல்லை வகுத்தார்கள். முதலில் அது 34 ஹெக்டேர். இன்று அது 13 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ஏக்கரில் சொன்னால் 32 ஆயிரத்துக்கும் அதிகம்.

ஆக, "நிலம் குடித்தால் மழை மருந்து ஆகும்" என்பது அந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். "நிலம் குடிக்காவிட்டால் அதே மழை வெள்ளம் ஆகும்" என்பது அந்தப் பாடத்தின் மறு பாதி. ஊற்றுக்காகக் காட்டைக் காத்தவர்கள், கடைவீதியில் அந்தப் பாடத்தை மறந்துவிட்டார்கள். ஸ்பா மட்டும் அல்ல. உலகில் பெரும்பாலான ஊர்கள் செய்த தவறு இது.

ஊரைப் பஞ்சு ஆக்குவது எப்படி?

மழைநீரை வெளியேற்றப் பெரிய குழாய் போடுவது பழைய வழி. குழாய் நிரம்பிவிட்டால் அவ்வளவுதான். புதிய வழி வேறு. தண்ணீரை விரட்டாதே, நிறுத்து, மண்ணில் இறக்கு, மிச்சத்தை மெதுவாக அனுப்பு. இதுவே அதன் தத்துவம்.

இதற்குப் பெரிய எந்திரம் வேண்டாம். தெரு ஓரத்தில் தரையைவிடச் சற்றுத் தாழ்வாகச் செடிப் பாத்தி வெட்டுவார்கள். அடியில் சரளையும் மணலும் போடுவார்கள். தெருத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் பாத்திக்குள் இறங்கும். வண்டி நிறுத்தும் இடத்தில் இடைவெளி விட்டுக் கல் பதிப்பார்கள். அந்த இடைவெளி வழியே நீர் இறங்கும். பூங்காவின் ஒரு பகுதியைக் கிண்ணம் போலக் குழித்து வைப்பார்கள். வெயில் நாளில் குழந்தைகள் அங்கே விளையாடலாம். பெருமழை நாளில் அதுவே குளம்.

டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகன் இதற்கு நல்ல உதாரணம். அங்கே 2011-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி, இரண்டே மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நகரமே தத்தளித்தது. மறு ஆண்டே பெருமழைத் திட்டம் தயாரானது. 20 ஆண்டுகளில் சுமார் 300 வேலைகள் செய்வது என்று முடிவு செய்தார்கள். அவற்றில் ஒன்று தோசிங்கே சதுக்கம். தார் போட்டு மூடியிருந்த அந்த இடம் 2014-ல் பசுமைச் சதுக்கம் ஆயிற்று. தலைகீழாகத் திருப்பிய குடை போன்ற கிண்ணங்கள் அங்கே நிற்கின்றன. அவை மழையைப் பிடிக்கின்றன!

இங்கிலாந்தில் ஷெபீல்டு என்ற தொழில் நகரம். புதிய சுற்றுச் சாலை வந்ததும் ஒரு பழைய சாலைக்கு வேலை குறைந்தது. அதன் ஒரு பகுதியைப் பெயர்த்து எடுத்துப் பூச்செடிப் பாத்திகள் ஆக்கினார்கள். முதல் பகுதி 2016-ல் முடிந்தது. வண்டி ஓடிய இடத்தில் இன்று வண்டு பறக்கிறது!

ஒரு சிக்கல்

"அப்படியானால் ஸ்பாவிலும் எல்லா இடத்திலும் மண்ணைத் திறந்துவிடலாமே!" என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கேதான் சிக்கல். சாலையில் ஓடி வரும் மழைநீர் சுத்தமானது அல்ல. வண்டிகளின் எண்ணெய், டயர்த் தூள், பனிக்காலத்தில் தூவும் உப்பு எல்லாம் அதில் கலந்திருக்கும். அதை அப்படியே மண்ணில் இறக்கினால் ஊரின் உயிரான ஊற்றுக்கே ஆபத்து. வெள்ளத்துக்கு மருந்து செய்யப் போய், மருந்து நீரைக் கெடுத்துவிடக் கூடாது.

இதற்கு வழி, தண்ணீரைத் தரம் பிரிப்பது. கூரையில் விழும் நீர் ஓரளவு சுத்தம். அதை மண்ணுக்குள் இறக்கலாம். சாலை நீரைத் தனியே பிரித்து, வடிகட்டும் மண் உள்ள பாத்திகளில் விட வேண்டும். ஊற்றுக்கு அருகில் என்றால், பாத்தியின் அடியில் நீர் இறங்காத விரிப்புப் போட்டு, வடிந்த நீரைக் குழாய் வழியே ஆற்றுக்கு அனுப்ப வேண்டும். வேறு ஊரில் செய்ததை அப்படியே இங்கே செய்ய முடியாது. மண்ணைப் பார்த்துத்தான் மருந்து.

கடைக்காரரின் கேள்வி

இன்னொரு கேள்வி கடைவீதியில் இருந்து வரும். "வண்டி நிறுத்தும் இடத்தைச் செடிக்குக் கொடுத்துவிட்டால், எங்கள் வியாபாரம் என்ன ஆகும்?"

கேள்வி நியாயமானது. சுற்றுலாவை நம்பி வாழும் ஊரில் அதை அலட்சியம் செய்யக் கூடாது. வண்டிகளுக்கு ஊர் எல்லையில் இடம் வேண்டும். அங்கிருந்து பஸ் வேண்டும். வேலை நடக்கும் மாதங்களில் கடைக்காரருக்கு நஷ்டம் வராதபடி பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும்.

ஆனால் மறு பக்கமும் பாருங்கள். ஒரே வெள்ளத்தில் கடைச் சரக்கு முழுவதும் சேறாகப் போனால், அந்த நஷ்டத்தை யார் தாங்குவது? நிழலும் பூவும் உள்ள தெருவில் ஜனங்கள் நின்று நடப்பார்கள். நின்று நடப்பவர்கள்தான் கடைக்குள்ளும் நுழைவார்கள்.

செலவைவிடப் பெரிய விஷயம் பராமரிப்பு. பாத்தியில் குப்பை அடைத்தால் தண்ணீர் இறங்காது. திறப்பு விழா நடத்துவது எளிது. தினமும் கூட்டிப் பெருக்குவது கடினம். தோட்டக்காரருக்குச் சம்பளம் ஒதுக்காத நகரசபை, பூங்கா அமைக்காமல் இருப்பதே மேல்.

இது மட்டும் போதுமா?

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2021-ல் பெய்தது போன்ற மழையைத் தெருப் பாத்திகள் மட்டும் தடுத்துவிட முடியாது. சாதாரணப் பெருமழையை அவை தாங்கும். மிகப் பெரிய மழைக்கு மலையிலும் வேலை செய்ய வேண்டும்.

ஓட் பாஞ் சதுப்பில் அந்த வேலை முன்பே தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2007 முதல் 2012 வரை, வாய்க்கால்களை அடைத்தார்கள். ஊசியிலை மரங்களை அகற்றினார்கள். சதுப்பைத் திரும்ப ஈரமாக்கினார்கள். சதுப்பும் நிரம்பிவிட்டால் மேலும் குடிக்காது என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் கீழே வரும் வேகத்தை அது குறைக்கும். சில மணி நேரம் தாமதம் ஆனாலே உயிர்கள் பிழைக்கும்.

வெள்ளத்துக்குப் பிறகு, வெஸ்தர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே திட்டம் வகுக்கப்பட்டது. இத்தாலிய நகர அமைப்பு நிபுணர் பாவோலா விகானோவின் குழுவும், லியேழ் பல்கலைக்கழகமும் அதைத் தயாரித்தன. மலை வேறு, ஊர் வேறு என்று பிரித்துப் பார்க்காமல், மழைத்துளி விழும் இடத்தில் இருந்து ஆறு சேரும் இடம் வரை ஒன்றாகப் பார்ப்பதே அதன் சிறப்பு. திட்டம் காகிதத்தில் இருந்து தெருவுக்கு எவ்வளவு விரைவில் வருகிறது என்பதே இனிக் கேள்வி.

குற்றாலத்துக்கும் பொருந்தும்

நம் குற்றாலத்தைத் "தென்னாட்டின் ஸ்பா" என்று பெருமையோடு சொல்கிறோம். மூலிகை மணக்கும் மலை. அதில் இறங்கி வரும் மழையே அருவி. 2024-ம் ஆண்டு மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து, குளிக்க வந்த ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. மருந்து என்று நம்பிப் போன தண்ணீரே உயிரைக் கொண்டுபோனது.

பெயரை மட்டும் ஸ்பாவிடம் வாங்கினால் போதாது. பாடத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மலையைக் காப்பது பாதி வேலை. அருவிக்குக் கீழே உள்ள ஊரில் மண் மூச்சு விட இடம் வைப்பது மறு பாதி.

நம் வீட்டு வாசலிலும் இதே கணக்குத்தான். வாசல் முழுவதும் சிமெண்டு பூசுவதற்கு முன், கொஞ்சம் மண்ணை விட்டு வையுங்கள். அடுத்த மழையில் அந்த மண் பதினான்கு குடத்தில் எத்தனை குடத்தைக் குடிக்கிறது என்று குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள்.