ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால்

அப்போது நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டைத் தனியாகப் பிரித்தது 2019இல்தான். கடலோரப் பள்ளி ஒன்றில் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டம். டீ வருவதற்குள் கரும்பலகையில் 1¾ ÷ ½ என்று எழுதினேன். எல்லோரும் உடனே சொல்லிவிட்டார்கள், மூன்றரை. "இதற்கு ஒரு வாழ்க்கைக் கணக்கு சொல்லுங்க டீச்சர்" என்றேன். "ஒன்றே முக்கால் கிலோ அரிசியை ரெண்டு பேருக்குப் பிரிச்சா..." என்று ஒருவர் ஆரம்பித்தார். அது இரண்டால் வகுப்பது. ஆளுக்கு ஒரு கிலோகூட வராது. அப்புறம் யாரும் பேசவில்லை.

நான் மட்டும் என்ன? இருபது வருடம் "திருப்பிப் போட்டுப் பெருக்கு" என்றே ஓட்டியவன். அன்றிரவு வீட்டில் அரைப்படியை எடுத்து ஒன்றே முக்கால் படி அரிசியை அளந்தேன். மூன்று தடவை நிரம்பியது. மிச்சம் கால்படி. அப்படியானால் மூன்றே கால் அல்லவா? இல்லை. அளக்கும் பாத்திரம் அரைப்படி, மிச்சம் அதில் பாதி. அதனால்தான் மூன்றரை.

கணக்கு என் சொந்தச் சரக்கல்ல. கணிதக் கல்வி ஆய்வாளர் லிபிங் மா 1999இல் வெளியிட்ட நூலில் உள்ளது. அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் ஒருவர்தான் இதற்குப் பொருந்தும் கதை சொன்னார். சீனாவில் 72 பேரில் 65 பேர். இத்தனைக்கும் அந்தச் சீன ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று வருடம் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள், அவ்வளவுதான். வேலைக்கு வந்தபின் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடப்புத்தகத்தை வரிவரியாகத் தோண்டுகிறார்கள். ஜப்பானில் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று கவனித்து, பிறகு அந்த ஒரு பாடத்தையே அலசுகிறார்கள்.

நமக்கு இது புதிதா? மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். உத்தம தசதாலம் என்ற சிற்ப அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 பங்கு. அதைப் பிரித்துக் கோடு போடும் பையன் பக்கத்தில் ஆசான் இருக்கிறார். பிசகினால் அங்கேயே அழித்துத் திரும்பப் போட வேண்டியதுதான்.

நம் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150க்கு 30 மதிப்பெண் கணிதம். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்றரை தெரிந்தால் போதும், அரைப்படி வேண்டாம். வேலையில் சேர்ந்த பிறகாவது கூட்டத்தில் பிபிடியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம், ஒரே ஒரு கணக்கைப் பேச விடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு நானே ஒன்று தருகிறேன். 52இல் 27ஐக் கழிக்கும்போது "பக்கத்தில் கடன் வாங்கு" என்கிறோமே, அந்தக் கடனை யார், எப்போது திருப்பிக் கொடுத்தார்கள்?