சீன எழுத்தை நம்மில் யார் வாசிப்பது?

2021 மே மாதம், கொழும்பு சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் அமைந்த இலத்திரனியல் நூலகத்தின் நினைவுப் பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் ஆகிய மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே பலகை அகற்றப்பட்டது. தமிழும் அரச கரும மொழி என்று 1987 முதல் அரசியலமைப்பு சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் காக்கவேண்டிய இடத்திலேயே இது நடந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் சீனத் தூதுவர் கி சென்ஹொங் வேட்டியுடன் நல்லூர் ஆலயத்துக்கு வந்தார். யாழ். பொது நூலகத்துக்கும் சென்றார்.

வடக்கில் சீனாவைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்தியா என்ன நினைக்கும் என்பதோடு முடிந்துவிடுகின்றன. அரியாலைக் கடலட்டைப் பண்ணை பற்றிய வாதங்களும் அப்படித்தான். சீன ஆவணம் ஒன்று வந்தால் அதை நாமே வாசிக்க முடியுமா என்று எவரும் கேட்பதில்லை.

வாசிக்கக் கற்பது கடினந்தான், ஆனால் மாயமில்லை. நமக்கு 247 எழுத்துகள் போதும். சீனத்தில் 1988இல் வெளியான பொதுப்பயன்பாட்டுப் பட்டியலில் 3,500 எழுத்துகள், அவற்றுள் 2,500 அன்றாடத் தேவைக்குரியவை. ஒவ்வொன்றையும் தனிப்படமாக மனனம் செய்ய முயல்பவர் சில வாரங்களில் கைவிடுவார். உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மரத்துக்குரிய எழுத்தை இரண்டாக எழுதினால் தோப்பு, மூன்றாக எழுதினால் காடு. இடப்பக்கம் மூன்று சிறு கீற்றுகள் நின்றால் பெரும்பாலும் நீரோடு தொடர்புடைய சொல்: ஆறு, கடல், ஏரி. மறுபாதி பலவேளைகளில் ஒலிக்கு ஒரு குறிப்பு. கீற்றுகளை எழுதும் வரிசைக்கும் ஒழுங்கு உண்டு, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். கையால் எழுதிப் பழகாமல் தொலைபேசித் திரையில் மட்டும் பார்ப்பவருக்கு ஒத்த உருவங்கள் குழம்பும்.

சீனரும் ஒருகாலம் தமிழை மதித்தே கல்லில் பொறித்தார்கள். 1409ஆம் ஆண்டிடப்பட்டு, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட செங் ஹேயின் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள்ளன. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. அதே செங் ஹே சில ஆண்டுகளுக்குள் இத்தீவின் ஆட்சியாளர் ஒருவரையே சிறைப்பிடித்துச் சென்றார் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்திடுவது என்னவென்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டவர்கள் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலங்களில் ஒப்பமிட வைக்கப்பட்டார்கள். பலர் அதன்பேரில் ஆண்டுக்கணக்காகச் சிறையிருந்தார்கள்.

களனிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆதரவுடன் கொன்பியூசியஸ் நிறுவகம் இயங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அதன் பிரதி வேண்டியதில்லை. தமிழிலேயே விளக்கிக் கற்பிக்கும், பிறர் தயவில் நடக்காத சிறு வகுப்பு ஒன்று போதும். முதலில் சேர்பவர்கள் சட்டமும் கடற்றொழிலும் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது.