அந்தச் சின்ன ஜார் எங்கே இருக்கிறது?

சர்வரில் ஜாவாவைப் புதிய பதிப்புக்கு மாற்ற நாள் குறிக்கும்போது டேட்டாபேஸ் என்ன, டாம்கேட் என்ன, இயங்குதளம் என்ன என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். ஏஎஸ்எம் எந்தப் பதிப்பு என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஏஎஸ்எம் ஒரு சின்ன ஜார் கோப்பாக வரும் பைட்கோட் லைப்ரரி. தொகுத்து முடித்த கிளாஸ் கோப்பைத் திறந்து படிக்கவும், அதில் புதுக் கட்டளைகளைச் செருகவும், செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய கிளாஸ் ஒன்றை உருவாக்கவும் அது உதவுகிறது. ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கின் வயிற்றுக்குள்ளும் பைட் படி (Byte Buddy) என்ற லைப்ரரிக்குள்ளும் அதன் பிரதி உண்டு. சர்வரின் வேகத்தை அளக்கும் பல ஏஜென்டுகளும் இந்த வித்தையை நம்பியே இருக்கின்றன. இதை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஓரிடத்தில் நிறுவக் கூடாது. ஒவ்வொரு செயலியும் தன் பிரதியை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எது, எங்கே, எந்தப் பதிப்பு என்ற கணக்கு சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் கையில் இருந்தாக வேண்டும்.

மற்ற லைப்ரரிகள் பல பழையதானாலும் ஓடும். இது அப்படியல்ல என்பது கிளாஸ் கோப்பின் முதல் 8 பைட்டுகளிலேயே தெரிந்துவிடும். முதல் 4 பைட்டுகள் எல்லாக் கோப்பிலும் ஒன்றுதான். இது கிளாஸ் கோப்பு என்பதற்கான முத்திரை. அந்த எட்டில் கடைசி 2 பைட்டில் பதிப்பு எண் இருக்கிறது: ஜாவா 8-க்கு 52, 11-க்கு 55, 17-க்கு 61, 21-க்கு 65. ஏஎஸ்எம் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். தனக்குத் தெரிந்ததைவிடப் பெரிய எண்ணாக இருந்தால் படிக்க மறுத்துப் பிழை காட்டி நின்றுவிடும். மறுப்பதும் சரிதான். புதிய பதிப்பில் புதுவகைப் பதிவுகள் வந்திருக்கலாம். ஊகித்துப் படித்துத் திருத்தி எழுதினால் நிரலே கெட்டுப்போகும். ஜாவா 17-க்கு ஏஎஸ்எம் 9.1 வேண்டும், 21-க்கு 9.5 வேண்டும். 2018 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ஜாவா வருவதால் இந்த ஓட்டம் நிற்பதில்லை. ஆள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 8-க்காகத் தொகுத்த செயலியை ஜாவா 11-இல் ஏற்றினால் அன்று ஓடிவிடலாம். அதன் கோப்புகளில் இன்னும் 52 என்றுதான் இருக்கிறது. சில மாதம் கழித்து நிரலாளர் அதையே 11-க்காக மறுபடி தொகுத்து அனுப்பும் நாளில், உள்ளே இருக்கும் பழைய லைப்ரரி 55-ஐப் பார்த்து நின்றுபோகும். சர்வரில் அன்று யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். பழி முழுவதும் நிரலாளர் தலையில் விழும்.

அப்படியானால் பொதுவாக ஒரே பிரதி வைத்து, அதை மட்டும் புதுப்பித்து வந்தால் போதாதா? டெபியனில் ஒரே கட்டளையில் ஏஎஸ்எம்-ஐ நிறுவலாம். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் ஓரிடத்தில் மாற்றினால் முடிந்தது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. சி மொழி லைப்ரரிகளுக்கு இந்த முறை பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. அங்கே கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் பழையதும் புதியதும் அருகருகே நிற்கும். ஜாவாவில் கிளாஸின் பெயரில் பதிப்பு கிடையாது. 2011-இல் ஏஎஸ்எம் 4 வந்தபோது அதன் மையத்தில் இருக்கும் கிளாஸ்விசிட்டர், இன்டர்ஃபேஸாக இருந்தது போய் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் ஆனது. பெயர் மட்டும் அதே. 3-ஐ நம்பித் தொகுத்தவை 4-ஓடு சேர்ந்ததும் உடைந்தன. லைப்ரரிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் கருவியான மேவனில் ஏஎஸ்எம்-இன் குழுப் பெயரும் அதே சமயத்தில் மாறியது. ஆகவே மேவன் இரண்டையும் வெவ்வேறு லைப்ரரி என்று எண்ணி இரண்டையும் கொண்டுவந்து வைத்தது. கிளாஸ்பாத்தில் எது முந்தியதோ அதுவே ஏறியது. டெபியனே 3-க்கும் 4-க்கும் தனித்தனிப் பொதி வைக்க நேர்ந்தது. பொதுப் பிரதி என்ற யோசனை அதன் சொந்த வீட்டிலேயே செல்லுபடியாகவில்லை.

ஃபிரேம்வொர்க் எழுதுபவர்கள் கண்ட வழி, லைப்ரரியைப் பெயர் மாற்றித் தங்கள் ஜாருக்குள்ளேயே கலந்துவிடுவது. ஸ்பிரிங் 3.2 முதல் இப்படித்தான். மோதல் தீர்ந்தது, இனி இதைப் பற்றி ஏன் கவலை என்பார்கள். மோதல் தீர்ந்தது உண்மை, ஆனால் பொருள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற வேறொரு லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஜாருக்குள் ஜாராகவும் பெயர் மாறியும் கிடந்த பிரதிகளைத் தேடித்தான் நிர்வாகிகள் இரவு பகலாக அலைந்தார்கள். மேவனின் சார்பு மரம், அறிவித்த பெயர்களை மட்டுமே காட்டும். கலந்துவிட்டதைக் காண ஜாரைத் திறந்து கோப்புப் பட்டியலைப் பார்க்க வேண்டும். செயலிக்கு ஒரு முறை, ஏஜென்டுக்கு ஒரு முறை பார்த்துக் குறித்துவைக்க ஒரு மதியம் போதும். தெரியாத எண்ணையும் படிக்கச் சொல்லும் சுவிட்ச் பைட் படியில் இருக்கிறதே என்பவர்கள், அதன் பெயரிலேயே சோதனை முயற்சி என்ற பொருள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளரின் பணம் புழங்கும் சர்வரில் அதைப் போட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியாது.

2025 மார்ச்சில் வந்த ஜாவா 24, கிளாஸ் கோப்பைப் படிக்கவும் எழுதவும் தனக்கென்று ஒரு வசதியை நிலையாகச் சேர்த்திருக்கிறது. ஜாவாவோடு சேர்ந்தே அது வளரும் என்பதால் பின்தங்கும் நோய் காலப்போக்கில் குறையும். ஆனால் 8-லும் 11-லும் 17-லும் ஓடும் செயலிகளுக்கு அந்த வசதி கிடைக்காது. அவற்றை மேலே கொண்டுபோக முதலில் ஏஜென்ட், அடுத்து ஃபிரேம்வொர்க்கும் அதனுள் இருக்கும் லைப்ரரியும், அதன்பிறகே ஜாவா என்ற வரிசைதான் வழி. ஜாவாவிலிருந்து தொடங்கும் திட்டம் உங்கள் மேசைக்கு வந்தால், கையெழுத்துப் போடுமுன் அந்தச் சின்ன ஜாரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.