சின்ன பேட்டரியின் பெரிய அதிகாரம்

"ஹைபிரிட் கார் வாங்கலாமா?" கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஏழு ஆண்டுகளாக ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால், அதன் மின்சாரக் குணத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பேன்.

2011 முதல் 2013 வரை கிடைத்த வரிவிலக்கால் நம் நாட்டுச் சாலைகளில் ஹைபிரிட் கார்கள் பெருகின. அன்று வாங்கிய பல வண்டிகள் இன்று கைமாறி, இளையோர் பலருக்கு முதல் காராக வருகின்றன. பயமும் அங்கேதான் தொடங்குகிறது: "பேட்டரி போனால் என்ன செய்வது?"

எந்த பேட்டரி என்று முதலில் கேளுங்கள். ஹைபிரிட்டில் இரண்டு உண்டு. சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தருவது பெரியது; பல கார்களில் அது 200 வோல்ட்டைத் தாண்டும். இன்னொன்று, சாதாரணக் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி. கணினிகளை எழுப்புவதும், பெரிய பேட்டரியின் மின்சாரம் வெளியே வர இணைப்பை மூடிக் கொடுப்பதும் இந்தச் சின்னதுதான். இது படுத்துவிட்டால், பெரியதில் எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் வண்டி நகராது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரு வார விடுமுறை முடிந்து வீடு திரும்பினோம். மறுநாள் காலை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் சிறிய சாவியால் திறந்து, பட்டனை அழுத்தினேன். எச்சரிக்கை விளக்குகள் கண்ணடித்து அணைந்தன. அம்மாவை வாடகைக் காரில் அனுப்பிவிட்டுப் பட்டறைக்காரர் ஒருவரை வரவழைத்தேன். பார்த்த மாத்திரத்தில், "ஹைபிரிட் பேட்டரி போச்சுண்ணே, மாத்தணும்" என்றார். அவர் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் மின்சார வேலை பார்த்தவர். மீட்டரை எடுத்து வந்து சின்ன பேட்டரியில் வைத்தார். 9 வோல்ட்! முழுதாக சார்ஜ் ஆன நல்ல பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். கையேட்டைப் பார்த்து, பானெட்டுக்குள் அதற்கென்று உள்ள முனையில் அவருடைய காரிலிருந்து கம்பி கொடுத்தோம். 'ரெடி' விளக்கு எரிந்தது. அன்று மாலையே 12 வோல்ட் பேட்டரியை மட்டும் மாற்றினேன். பெரிய பேட்டரி இன்றுவரை உழைக்கிறது.

ஆகவே, யாராவது பெரிய தொகை சொன்னால், "முதலில் 12 வோல்ட்டைச் சோதியுங்கள்" என்று கேளுங்கள். அந்த ஒரு வரி ஒரு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றலாம்.

வேறு சில பழக்கங்களும் உதவும். 'ரெடி' விளக்கு எரியும்போதுதான் சின்ன பேட்டரி சார்ஜ் ஆகும். வெறுமனே வானொலி கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது கரையும். நிறுத்திய வண்டியிலும் விழித்திருக்கும் டேஷ்கேம் அதை மெல்ல உறிஞ்சும். ஓட்டாத வாரங்களில் ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். மூடிய கராஜில் 'ரெடி'யில் விட்டுவைக்காதீர்கள்; இன்ஜின் தானாக எழுந்து நச்சுப்புகை கக்கும்.

நெரிசலில் 'நியூட்ரல்' போட்டு நிற்பது பழைய வழக்கம். பல ஹைபிரிட் கார்களில் அப்போது பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது. குளிர்சாதனமோ அதிலிருந்தே மின்சாரம் எடுக்கும். பின் இருக்கை அருகே காற்றுத் துளை இருந்தால், அது பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் மூக்கு. பையையோ தலையணையையோ வைத்து அடைக்காதீர்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

கடைசியாக ஒன்று. சத்தமில்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 'ரெடி'யில், கியர் போட்ட நிலையில் இருக்கும் கார் கால் பட்டாலே நகரும். பட்டனை அழுத்தி, விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்குங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அந்த ஒரு பார்வையை மறக்கவே வேண்டாம்.