பிள்ளைகளின் கால்பந்து ஆட்டத்தில் கத்தும் பெற்றோர்: ரெஃப்ரியால் என்ன செய்ய முடியும்?

புதுச்சேரியில் கதிர்காமம், லாஸ்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும், லீவு நாள் காலையில் ஸ்டட்ஸ் ஷூ மாட்டிய சின்னப் பிள்ளைகளைப் பார்க்கலாம். கோட்டுக்கு வெளியே அப்பா, அம்மா. "டேய், ஷூட் பண்ணுடா!" என்பதில் தொடங்கும் சத்தம், பத்து நிமிஷத்தில் "ரெஃப்ரி, கண்ணு தெரியலையா?" என்று மாறிவிடுகிறது. இப்படிக் கத்துபவர்களைக் கால்பந்து விதிகள் என்ன செய்யும்?

நேரடியாக எதுவும் செய்யாது. சிக்கலே அங்கேதான்.

அட்டை யாருக்கு?

2019-20 சீசனில் இருந்து, வீரர்களுக்கு மட்டுமல்ல, கோச் உள்ளிட்ட அணி நிர்வாகிகளுக்கும் ரெஃப்ரி மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பெற்றோர் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. அவர்கள் வெறும் பார்வையாளர்கள். கோச் கத்தினால் அட்டை உண்டு; அவருக்குப் பக்கத்தில் நின்று அதையே ஓர் அப்பா கத்தினால் கிடையாது.

ரெஃப்ரியின் கையில் இருப்பது ஐந்தாவது விதி. வெளியாள் குறுக்கிட்டால் ஆட்டத்தை நிறுத்தலாம், தள்ளிவைக்கலாம், ஒரேயடியாகக் கைவிடவும் செய்யலாம். கேட்க பெரிய அதிகாரம்தான். ஆனால் அதைப் பயன்படுத்தினால் தண்டனை யாருக்கு? கத்தியவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆட்டத்தை இழப்பது களத்தில் இருக்கும் பிள்ளைகள். அதனால் பல ரெஃப்ரிகள் காதில் விழாத மாதிரி இருந்துவிடுகிறார்கள். மிஞ்சிப்போனால் கோச்சைக் கூப்பிட்டு, "சார், அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்பார்கள். மாதம் மாதம் ஃபீஸ் கட்டுகிறவரிடம் கோச் எவ்வளவு கறாராகப் பேச முடியும் என்பது வேறு கதை.

ஏன் இவ்வளவு பதற்றம்?

"பந்து விளையாடினா சோறு போடுமா?" என்று கேட்டு, பிள்ளையைக் கிரவுண்டில் இருந்து இழுத்துக்கொண்டு போன பெற்றோரைத்தான் நம் ஊர் அதிகம் பார்த்திருக்கிறது. இன்று அந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. புதுச்சேரியில் சென்டாக் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. பக்கத்தில் தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3%, பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள். மாநில அணி, தேசியப் போட்டி என்று சர்ட்டிபிகேட் ஏற ஏற மதிப்பும் ஏறும். அப்படியிருக்க, 12 வயதுப் பையன் கோல் அடிக்காமல் விட்டால் அப்பாவின் கண்ணுக்குத் தெரிவது கோல் கம்பம் மட்டுமல்ல, காலேஜ் சீட்டும்தான். எல்லாரும் அந்தக் கணக்கோடு வருவதில்லை. ஆனால் அந்தக் கணக்கு உள்ள ஊரில், தவறான ஒரு ஆஃப்சைடு விசில்கூடப் பெரிய அநியாயமாகத் தெரியும்.

(இதில் ஒரு வேடிக்கை: சின்னப் பிள்ளைகளின் ஐவர் ஆட்டத்தில் பொதுவாக ஆஃப்சைடே கிடையாது. அதற்கும் "ஆஃப்சைடு!" என்று கத்துபவர்கள் உண்டு.)

பிள்ளைக்கு என்ன ஆகிறது?

தற்காப்பில் ஆடும் பையனிடம் "இடத்தை விடாதே" என்று சொல்லியிருப்பார் கோச். "முன்னாடி போடா" என்பார் அப்பா. பந்து வரும்போது பையன் பார்ப்பது சக வீரனை அல்ல, கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாவின் முகத்தை. அந்த ஒரு நொடியில் பந்து போய்விடும். உடனே இன்னொரு திட்டு. எப்போது பாஸ், எப்போது ஷாட் என்று சொந்தமாக முடிவெடுக்கப் பழகும் வயதில், அந்த முடிவு வெளியில் இருந்து வந்துகொண்டே இருந்தால் அவன் பழகுவது சொல்பேச்சு கேட்பதை மட்டும்தான்.

எல்லை மீறினால்?

நெதர்லாந்தில் 2012 டிசம்பர் 2 அன்று, அல்மேர் நகரில் நடந்த சிறுவர் ஆட்டத்தில் லைன்ஸ்மேனாக நின்றவர் 41 வயது ரிச்சர்ட் நியூவன்ஹவுசன். சம்பளம் வாங்காத தன்னார்வலர். அவருடைய மகனும் அதே ஆட்டத்தில் இருந்தான். ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் அவரைத் தாக்கினர். மறுநாள் அவர் இறந்தார். 2013 ஜூனில் ஆறு சிறுவர்களும், ஒரு வீரனின் தந்தையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தந்தைக்கு ஆறு ஆண்டு சிறை.

இங்கே ரெஃப்ரியின் மீது கை வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 115-வது பிரிவு, மிரட்டினால் 351-வது பிரிவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு விசில் ஊத வரும் இளைஞர் போலீஸ் ஸ்டேஷன் போக மாட்டார். அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார். ரெஃப்ரி இல்லாவிட்டால் லீக்கும் இல்லை.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் வடக்கு ஒஹையோவில் பெண் பிள்ளைகள் கால்பந்து லீக் ஒன்று, 1999 அக்டோபரில் ஒரு ஞாயிறை 'மௌன ஞாயிறு' ஆக்கியது. பெற்றோர் வாயே திறக்கக் கூடாது. சிலர் வாயை அடக்க லாலிபாப் வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்து கால்பந்து சங்கமும் பின்னர், கைதட்டல் மட்டும் அனுமதிக்கும் வார இறுதிகளை நடத்தியது.

மௌன நாள் செய்திக்கு நல்லது, ஆனால் அடுத்த வாரம் பழைய கதைதான். அதைவிட உருப்படியானது, அதே இங்கிலாந்து சங்கம் 2008-ல் தொடங்கிய 'ரெஸ்பெக்ட்' திட்டத்தில் வந்த ஒரு சாதாரண ஏற்பாடு: பெற்றோர் நிற்க, கோட்டில் இருந்து தள்ளி ஒரு கயிறு. கதிர்காமத்திலும் இதைச் செய்யலாம். டச்லைனுக்கு இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு சுண்ணாம்புக் கோடு, அதுவும் கோச் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். கூடவே அகாடமியின் சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி: பெற்றோர் ரெஃப்ரியைத் திட்டினால் அடுத்த ஆட்டத்துக்கு அவருக்கு அனுமதி இல்லை, பிள்ளைக்கு உண்டு. விதிப் புத்தகத்தில் இல்லாத தண்டனையை லீக்கும் அகாடமியும்தான் உருவாக்க முடியும். பிள்ளையைத் தொடாமல் பெற்றோரை மட்டும் தொடும் தண்டனை அது ஒன்றுதான்.

கயிறும் கோடும் எட்டாத இடம் ஒன்று உண்டு: வீடு திரும்பும் வழி. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் புரூஸ் பிரவுனும் ராப் மில்லரும், கல்லூரி வீரர்களிடம் சிறுவயது விளையாட்டின் மோசமான நினைவு எது என்று பல ஆண்டுகள் கேட்டுவந்தார்கள். ஆட்டம் முடிந்து பெற்றோருடன் காரில் போன பயணம் என்றார்கள் பலர். நம் ஊரில் அது பைக்கின் பின் சீட். ஆட்டம் பார்க்க யார் வந்தால் பிடிக்கும் என்ற பேச்சில் அந்த வீரர்கள் பலரும் சொன்னது தாத்தா, பாட்டியை.